லூர்து சிஸ்டர் அன்பாகப் பேசினால்

செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றுப்போக்கு மாத்திரையை அட்டையிலிருந்து ஒன்றே ஒன்று மட்டும் கத்தரித்துக் கொடு என்று நின்றான். முழு அட்டையா வாங்கிக்க, ஒன் மாமியார் வீட்டு விருந்து இன்னும் எத்தனை இருக்கு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கிளினிக் ஆயா பிலோமினா.

"மாமா, லூர்து சிஸ்டர் போயிட்டாங்க."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"என்னையத்தான் திட்டுனாங்க மாமா. தலகாணி வைக்கக்கூடத் தெரியலையே, ஒனக்கெல்லாம் எவன்டி தாலி கட்டுனான்னு கேட்டாங்க. கேட்டுட்டு அப்புடியே கண்ணு சொருகிருச்சு."

அவள் அழுதாள். எனக்கு அவளை நினைத்து மனசு லேசாகிவிட்டது. "பிலோ, நீ நெடுங்காலம் இருப்ப, போ" என்றேன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று விராலிமலைக்காரர்களுக்கும் ஆவூர்க்காரர்களுக்கும் விளக்க வேண்டாம். முப்பதாம் நாள் பூசைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கிளினிக் நர்சு லூர்து சிஸ்டர் திட்டினால் அந்த ஆள் பிழைத்துக்கொள்வான். அன்பாகப் பேசினால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். எங்கள் ஊரில் ஸ்கேன் மிஷின் வருவதற்கு முன்னால் இதுதான் ஸ்கேன். வந்த பிறகும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்: "சிஸ்டர் திட்டுச்சா?"

இந்த நினைவு மலரில் எழுத என்னைக் கேட்டவளும் பிலோமினாதான். டாக்டர் இருக்கிறார், சாமியார் இருக்கிறார், படித்தவர்களுக்கா பஞ்சம். ஆனால் சிஸ்டரைப் பற்றி எழுத மாவட்டத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று அவளுக்கே தெரியும். நான் ஒன்பதாவது வரை படித்தவன். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியவில்லை. பிறகு சவூதி போனேன். அங்கே ஒட்டகத்துக்கே ஊசி போட்டிருக்கிறேன். அவன் அங்கே ஏசி மாட்டிக்கொண்டிருந்தான் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் ஒட்டகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. திரும்பி வந்து டாக்டர் கிளினிக்கை ஒட்டி மருந்துக்கடை வைத்தேன். லைசென்ஸ் தங்கச்சி மகன் பேரில், மூளை என் பேரில்.

கிளினிக்குக்கும் கடைக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. டாக்டர் சீட்டு எழுதுவார், சிஸ்டர் அந்த ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டு வாங்கி ஊசி போடுவார். மற்ற இடங்களில் சிரிஞ்சோடு ஒட்டி வரும் ஊசியை அப்படியே குத்திவிடுவார்கள். சிஸ்டர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆளுக்குத் தகுந்த ஊசி கேட்பார். எந்த ஊசி என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு விரல் போதும். ஊசி போடும் இடத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்து இழுப்பார். கொழுப்பு எவ்வளவு, அதற்குக் கீழே கறி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கிள்ளிய கையோடு, வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை சனத்துக்கும் கேட்கிற மாதிரி ஜன்னலைப் பார்த்துக் கத்துவார்.

"யோவ் மெடிக்கல்! ஒன்றரை இஞ்ச் குடு. இங்கிட்டு ஒரு மெத்தை வந்து படுத்திருக்கு."

"அரை இஞ்ச் இருக்கா? கொடிக்குச்சி ஒண்ணு வந்திருக்கு. பெரிசு போட்டா அந்தப் பக்கமா வந்துரும்."

தாலுகா ஆபீசில் ஒரு அதிகாரி இருந்தார். அவர் போனால் நாற்காலி எழுந்து நிற்கும். அவருக்கும் சிஸ்டர் இப்படித்தான் கத்தினார். அன்றிலிருந்து அவர் ஜீப் போகும்போது டீக்கடையில் "ஒன்றரை இஞ்ச் போகுது" என்பார்கள். அவர் இரவுச் சாப்பாட்டை விட்டார், மலைக்கோயில் படி ஏறினார், வேர்த்து விறுவிறுத்துத் திரும்பவும் வந்து படுத்தார். சிஸ்டர் கிள்ளிப் பார்த்துவிட்டு, "சட்டை மட்டும்தான் லூசாயிருக்கு. அதே ஒன்றரையே குடுய்யா" என்றார். மனிதர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒருநாள் கேட்டேன், கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் என்ன என்று. "மெதுவாச் சொன்னா நீ ஒண்ணு கெடக்க ஒண்ணு எடுத்துக் குடுப்ப. அவனுக்கு மானம் போனா நாளைக்கு வந்துரும். மருந்து கொழுப்புல நின்னா கட்டி கட்டி, சீழ் வச்சு, கிழிச்சு எடுக்கணும். எது பரவால்ல?" என்றார்.

ஊசி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் முதல் சண்டை வந்தது நம்பரில். ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எண்ணெய் மருந்து போட வேண்டும். கெட்டியான மருந்து, துவாரம் பெரிதாக உள்ள ஊசி வேண்டும் என்றார். நான் யோசித்தேன். இருபத்தொன்று பெரிதா, இருபத்தாறு பெரிதா? நாட்டில் எவனைக் கேட்டாலும் இருபத்தாறு என்றுதான் சொல்வான். எடுத்துக் கொடுத்தேன். சிஸ்டர் அன்றைக்கு அவசரத்தில் பார்க்காமல் மாட்டி, காற்று வெளியேற்ற அழுத்தினார். மருந்து இறங்கவில்லை. இன்னும் அழுத்தினார். ஊசி கழன்று பறந்தது. எண்ணெய் ஜன்னல் வழியாக வந்து என் வெள்ளைச் சட்டையில் அடித்தது. சட்டை அரபு நாட்டுச் சட்டை.

"நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்யா! ஒவ்வொரு வகுப்பா ஏற ஏற ஒன் மூளை மெலிஞ்சுச்சு பாரு, அந்த மாதிரி!"

அதோடு விடவில்லை. என் கடைக்குள் வந்து, பெட்டியெல்லாம் கீழே கொட்டி, நிறத்தை வைத்துப் பிரித்து அடுக்கினார். ஊசியின் அடிப்பகுதியில் உள்ள நிறத்தைப் பார்த்து எடுக்கச் சொன்னார். பச்சை கெட்டி மருந்துக்கு, நீலம் தண்ணி மருந்துக்கு. "நம்பரைப் படிக்காத, ஒனக்கு அது ஆகாது. நெறத்தப் பாத்து எடு. மாடு புல்லைப் பாத்துப் போகுதுல்ல?" என்றார். எண் கூடினால் பொருள் பெரிது என்பதுதான் உலக நியாயம், ஊசிக்காரன் தலைகீழாக வைத்தால் அது அவன் கோளாறு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்றிலிருந்து நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். நான் நினைத்தால் கண்ணை மூடிக்கொண்டே எடுப்பேன், அது வேறு விஷயம்.

அன்பாகப் பேசினதை நானே முதன்முதலாகப் பார்த்தது சின்னையா விஷயத்தில். தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றவன். இடுப்பு வலி என்று அடிக்கடி வந்து படுப்பான், சிஸ்டர் அவனை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி அனுப்புவார். அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நடந்துதான் வந்தான். சிஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"வா ராசா. இப்புடி உக்காரு."

பெஞ்சில் இருந்த சனம் அப்படியே அடங்கிவிட்டது. ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதன் ஆத்தா வாயைப் பொத்தினாள். சின்னையாவுக்கே புரிந்துவிட்டது.

"ஏன் சிஸ்டர், ஊசி போடலையா?"

"ஒனக்கு எதுக்கு ராசா ஊசி. டாக்டர் வாராரு. தண்ணி குடிக்கிறியா?"

டாக்டர் பார்த்து ஆம்புலன்சில் திருச்சிக்கு ஏற்றிவிட்டார். ஆம்புலன்ஸ் டோல்கேட்டைத் தாண்டவில்லை. கருமாதி முடிந்து அவன் பெண்டாட்டி வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். "அன்னைக்கு மட்டும் எம்புருசன ஏன் திட்டாம விட்டீங்க?" என்று கேட்டாள், ஏதோ அதனால்தான் அவன் செத்த மாதிரி. சிஸ்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. "வசவும் ஊசி மாதிரிதாம்மா. வாங்கிக்க உள்ள சதை இருக்கணும். இல்லாத எடத்துல குத்தக்கூடாது."

இப்போது அந்தோணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூசைக்கு வரும்போது அவனும் வருவான், இதைப் படிப்பான். படிக்கட்டும்.

அந்தோணி சிஸ்டருடைய கூடப்பிறந்த அண்ணன். ஆவூரில் பெரிய வீடு, தென்னந்தோப்பு, துபாய்ப் பணம், ஆளும் அதற்குத் தகுந்த உடம்பு. சிஸ்டர் கட்டிக்கொண்டு போன இடம் சரியில்லை என்று திரும்பி வந்தபோது, வாழாவெட்டிக்கு இங்கே இடமில்லை என்று பெட்டியைத் தெருவில் வைத்தான். கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, தினமும் பஸ்ஸில் விராலிமலைக்கு வந்து வேலை பார்த்தார். அதையெல்லாம்கூட அவர் பெரிதாகச் சொன்னதில்லை. அவர்களுடைய அம்மா இறந்தபோது நடந்ததுதான் பெரிது. அந்தோணி வீட்டு கேட்டைப் பூட்டினான். சிஸ்டர் டியூட்டிச் சேலையோடு ஓடி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு தடவ முகத்தப் பாத்துட்டுப் போயிருறேன், அண்ணே" என்று கேட்டார். ஊரே நின்று பார்த்தது. அவன் உள்ளேயே பெட்டியை மூடி, ஆணி அடித்து, அப்புறம்தான் கேட்டைத் திறந்தான். சுத்தியல் சத்தம் வெளியே கேட்டது என்று ஆவூர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கு விராலிமலை வரை கேட்டது.

மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். சதையைக் கிள்ளினார், ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். எல்லாம் வழக்கம்போலத்தான். பெஞ்சில்தான் ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு ஜல்லிக்கட்டு நாளில் அந்த அந்தோணியை நாய் கடித்தது.

சும்மா நாய் இல்லை. தோப்புக்குள் புகுந்து இரண்டு கன்றுக்குட்டியைக் கடித்து, எச்சில் வழிய ஓடி, கடைசியில் அந்தோணியின் கெண்டைக்காலைக் கவ்வி, அப்புறம் வாய்க்காலில் விழுந்து தானே செத்த நாய். ரோடெல்லாம் மாடும் வேனும் சனமும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. டாக்டர் வாடிவாசல் பக்கம் முதலுதவிப் பந்தலில் இருக்கிறார். திருச்சிக்குப் போக வழியில்லை. பைக்கில் நடுவில் உட்கார வைத்துச் சந்து பொந்தெல்லாம் புகுந்து கிளினிக்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே சிஸ்டர். சுவருக்கு இந்தப் பக்கம் நான். வேறு ஆள் இல்லை.

சிஸ்டர் காலைப் பார்த்தார். பைப்படியைக் காட்டினார். "சோப்பு போட்டுக் கழுவு. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் கழுவு." அவ்வளவுதான் பேசினார். அவன் கத்திக்கொண்டே கழுவினான். டாக்டருக்குப் போன் போட்டோம். பின்னால் மாட்டுக்காரர்கள் சத்தத்தில், "தடுப்பூசிய சிஸ்டரைப் போடச் சொல்லுங்க, ரோடு விட்டதும் காயத்துல போடுற மருந்துக்குத் திருச்சிக்கு அனுப்புங்க" என்றார்.

அந்தோணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இவ கையிலயா? நான் மாட்டேன்" என்று என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்க போடுங்க. நீங்க வெளிநாடெல்லாம் பாத்தவரு. இவ என்னையக் கொல்லத்தான் பாப்பா. எந்த ஊசிய எடுப்பாளோ, எங்கிட்டு குத்துவாளோ!"

ஒருத்தன் உயிரை நம்பி ஒப்படைக்கும்போது மாட்டேன் என்பதா? ஒட்டகத்துக்குப் போட்ட கை. பிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்தேன், சின்ன சிரிஞ்சில் ஏற்றினேன்.

"என்னண்ணே, இத்துனூண்டு சிரிஞ்சா இருக்கு? எனக்கா? நான் என்ன பச்சப்புள்ளையா? பெரிசா எடுங்க. அப்புறம் கையில போட்றாதீங்க, கையில போடுறதெல்லாம் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு. இடுப்புல போட்டாத்தான் மருந்து முழுசா இறங்கும்" என்று அவனே திரும்பிப் படுத்து வேட்டியைத் தளர்த்தினான். எங்கள் பக்கம் ஆண்பிள்ளைகள் எல்லோருமே இப்படித்தான். பெரிய சிரிஞ்சு, இடுப்பு, நல்ல வலி. இல்லாவிட்டால் ஊசி போட்டதாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் சிரிஞ்சோடு வந்த ஊசியை மாற்றாமலேயே அவன் இடுப்பில் பஞ்சு தேய்த்தேன். நிமிர்ந்து பார்த்தால், சிஸ்டர் கையில் டீ கிளாசோடு சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். டீயை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்தப் பார்வையில் ஏதோ தட்டியது. நாய்க்கடி மருந்தை எங்கே போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். அவர் சும்மா நின்றால் போதும். கேட்டைப் பூட்டியவன், அம்மா பெட்டியில் ஆணி அடித்தவன், தானே இடத்தைக் காட்டித் தானே படுத்திருக்கிறான். அந்த இடுப்புக் கொழுப்பில் மருந்து போய்ப் படுத்துக்கொள்ளும், நாய் விஷம் நரம்பைப் பிடித்து ஏறும். ஒருவரும் அவரைக் கேட்க முடியாது. குத்தியவன் நானாகத்தான் இருப்பேன்.

ஊசி முனை தோலைத் தொட்டது. டீ கிளாசைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"யோவ். நாய்க்கடி மருந்து இடுப்புல போடக்கூடாது. தோள்பட்டையில போடணும்."

அந்தோணி படுத்த வாக்கிலேயே கத்தினான். "பாத்தீங்களா, பாத்தீங்களா! கையில போட்டு மருந்த வீணாக்கப் பாக்குறா! அவ சொல்றத கேக்காதீங்கண்ணே. அவ சொல்றதுக்கு எதிரா செய்யுங்க. குத்துங்க!"

நான் இரண்டு பேரையும் பார்த்தேன். சிஸ்டர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் படுத்திருக்கிறவன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். அவனைப் புரட்ட நான்கு பேர் வேண்டும். சிஸ்டர் கொஞ்ச நேரம் அவன் முதுகையே பார்த்தார். அப்புறம் பக்கத்தில் வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அவன் தலையில் கையை வைத்தார்.

"சரிண்ணே. நீ சொல்ற மாதிரியே இடுப்புலயே போட்டுக்க ராசா. ஒனக்கு எது இஷ்டமோ அப்புடியே செய்வோம். வலிக்குதாண்ணே? தண்ணி குடிக்கிறியா சாமி?"

நீங்கள் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண் இரண்டும் வெளியே வந்துவிட்டன. அவ்வளவு பெரிய உடம்பு கட்டிலிலிருந்து எப்படித் துள்ளியது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கட்டில் இரண்டாக உடைந்தது என்று நான் வெளியில் சொன்னதுண்டு. ஒரு காலாவது நிச்சயம் ஆடியது.

"ஏன்டி நல்லாப் பேசுற? ஏய் லூர்து! என்னையத் திட்டுடி! கையிலயே போடு! எங்கிட்டு வேணுமோ அங்கிட்டுப் போடு!"

சட்டையைக் கழற்றவில்லை, கிழித்தே எறிந்தான். தோளை நீட்டிக்கொண்டு நின்றான்.

சிஸ்டர் எழுந்தார். இரண்டு விரலால் அவன் தோள்பட்டையைக் கிள்ளி இழுத்தார். என் கையிலிருந்த சிரிஞ்சை வாங்கி, அதிலிருந்த ஊசியைக் கழற்றிக் குப்பையில் போட்டார். நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓடினேன்.

"நீலம். ஒன்றரை இஞ்ச்" என்று கத்தினார். "கையே இடுப்பு மாதிரி இருக்குய்யா இவனுக்கு. ஒரு இஞ்ச் போட்டா பாதி வழியிலயே தூங்கிரும். கூடப்பொறந்தவ சோத்தத் தின்னு தின்னு தோள் வரைக்கும் ஏறியிருக்கு பாரு. பெத்தவளத் தூக்காத தோளு, கொழுப்பத் தூக்கிக்கிட்டுத் திரியுது."

ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தோணியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "ஆமா லூர்து. ஆமா" என்றான். ஊசி நேராக, ஒரே குத்தில் உள்ளே போனது.

ரோடு விட்டதும் திருச்சிக்கு அனுப்பிக் காயத்துக்கும் மருந்து போட்டார்கள். மிச்ச ஊசிகளுக்குத் திருச்சியிலேயே இருந்துகொள்ளலாம் என்று சொல்லியும் அவன் இங்கேதான் வந்தான். சிஸ்டர் கையால்தான் போட்டுக்கொள்வேன் என்றான். திட்டு வாங்கத்தான் வந்தான் என்பது எனக்குத் தெரியும். பெஞ்சு நிறையச் சனம் இருக்க, சிஸ்டர் அவனை வைத்து வாங்குவார். கேட்டு, பெட்டி, ஆணி எல்லாம் அதில் வரும். ஒருநாள் பேசாமல் ஊசியை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினார். அவன் நகரவில்லை. "லூர்து, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே" என்றான், பிச்சை கேட்கிற மாதிரி. "போடா நாயே. அந்த நாயே ஒன்னையக் கடிச்சுத்தான் செத்துச்சு" என்றார். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவனை ஏன் காப்பாற்றினாய் என்று ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டேன். சிஸ்டர் ஊசிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"காப்பாத்துனேனா? யார் சொன்னா? அந்தச் சாவு சட்டுனு முடிஞ்சு போயிரும்யா. இவன் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெழவனாகணும்."

அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் உடம்பு சிஸ்டருக்கு முந்திக்கொண்டது. ஈரலில் புற்று வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக உருகி, பார்க்கிறவர்களுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டார். வலிக்கு ஊசி போட ஒரு புதுப் பெண் வீட்டுக்கு வரும். அது சிரிஞ்சோடு வந்த ஊசியையே எடுத்துக்கொண்டு வந்ததும், சிஸ்டர் தன் தொடையைத் தானே கிள்ளிக் காட்டினார். விரலுக்கு நடுவே தோல் மட்டும்தான் வந்தது. "இதுல அதக் குத்துனா எலும்புல எழுத்து எழுதலாம்டி. குட்ட ஊசியா மாத்து" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஊர்ச் சதையெல்லாம் அளந்தேன், எனக்கு அளக்க ஒண்ணுமில்லாமப் போச்சு பாத்தியா மெடிக்கல்" என்றார். குட்டை ஊசியை நான்தான் கடையிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். நிறத்தைப் பார்த்து எடுத்தேன்.

கடைசியாகப் பார்த்தது இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால். வழியெல்லாம் என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். என்னைப் போலப் பேச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தேன். வாயிலிருந்து வந்தது இதுதான்.

"எப்புடித்தா இருக்க? சாப்பிட்டியா கண்ணு?"

சிஸ்டர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

"அம்புட்டுத்தானாய்யா மெடிக்கல்?"

நான் சமாளித்தேன். ஒட்டகக் கதை சொன்னேன். எண்ணெய் அடித்த சட்டையைச் சொன்னேன். ஒன் மூஞ்சிக்கு ஈரல் ஒண்ணுதான் கொறச்சல் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "விடு. சொல்லிட்ட. எனக்குத் தெரிஞ்சதுதான்." அப்புறம் பக்கத்தில் வரச் சொன்னார்.

"அந்தோணி வருவான். கேட்டைக் கீட்டைப் பூட்டாதீங்க. நல்லா முகத்தக் காட்டுங்க. ஆனா ஊருல ஒருத்தரும் அவனத் திட்டக்கூடாது. எல்லாரும் அன்பாப் பேசுங்க. பிலோகிட்டயும் சொல்லியிருக்கேன்."

சொல்லும்போது அந்த முகத்தில் வந்த சிரிப்பை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பல்லும் கண்ணும் மட்டும்தான் மிச்சம் இருந்தன, இரண்டும் சிரித்தன.

அடக்கத்தன்று அந்தோணி மாலையோடு வந்தான். பெட்டி திறந்திருந்தது. யாரும் தடுக்கவில்லை. பிலோமினா எழுந்து போய், "வாங்கய்யா ராசா, வெயில்ல வந்திருக்கீங்களே" என்று கையைப் பிடித்தாள். கொய்யாப்பழச் சின்னையா பெண்டாட்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காரு சாமி" என்றாள். கூட்டத்தில் யாரோ தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். அவன் தண்ணீரைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லோரும் அவ்வளவு பாசமாகப் பார்த்தோம். "ஏன்? ஏன் எல்லாரும் இப்புடிப் பேசுறீங்க? லூர்து ஏதும் சொன்னாளா? என் உடம்பப் பத்திச் சொன்னாளா?" என்று என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல ராசா" என்றேன். மாலையைப் பெட்டியில் போடாமலேயே கையில் வைத்துக்கொண்டு கல்லறை வரை நடந்தான்.

அதற்குப் பிறகு திருச்சியில் எல்லா ஸ்கேனும் எடுத்துவிட்டான். மதுரையிலும் எடுத்தான். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எல்லா டாக்டரும் அன்பாகச் சொல்கிறார்களாம், அதனால்தான் அவனுக்குத் தூக்கம் வரவில்லையாம். இதைப் படித்தாலும் நம்பமாட்டான், ஆறுதலுக்கு எழுதியது என்றே நினைப்பான். பாதி உடம்பு இறங்கிவிட்டது. பார்த்த மாத்திரத்தில் சொல்கிறேன், இப்போது அவனுக்கு ஒரு இஞ்ச் போதும்.

லூர்து சிஸ்டரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று பிலோமினா கேட்டாள். ஜன்னல் இருக்கிறது. அவர் நிறம் பிரித்து அடுக்கிய டப்பாக்கள் இருக்கின்றன. ஆட்களைப் பார்த்தால் இரண்டு விரல் தானாக நீள்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிதாக, அவருடைய அன்பான வார்த்தைகள் என்னிடம் இருக்கின்றன. வாழ்நாள் முழுக்க அவர் அவற்றைச் செலவழித்தது கொஞ்சம்தான், மிச்சம் அத்தனையும் என் பொறுப்பில் விட்டுப் போயிருக்கிறார். நான் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. கடைக்கு வருகிற எல்லோரையும் திட்டித்தான் அனுப்புகிறேன், சந்தோஷமாகப் போகிறார்கள்.

அந்தோணியின் கார் கடைவாசலைத் தாண்டும்போது மட்டும் எழுந்து வெளியே வருவேன். "ராசா, உடம்பு எப்புடி இருக்கு சாமி?" என்று கேட்பேன். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான். மறுநாளும் அதே வழியாகத்தான் வருவான், நான் திட்டமாட்டேனா என்று.